வயர்தான்க்கா

ஹெட்போனை மாட்டியதும் முதலில் வருவது வார்த்தை அல்ல, மூச்சு. லோகேஸ்வரி அக்கா மூக்கால் சின்னதாக ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டுதான் எந்த வாக்கியத்தையும் ஆரம்பிப்பாள். அதை வெட்டினால் வாக்கியம் தலையில்லாத கோழி மாதிரி வந்து விழுகிறது என்று பதிவு செய்கிற சபரி அண்ணன் வெட்டாமல் விட்டிருக்கிறார். அதனால் செல்சியாவுக்குத் தினமும் காலை பத்து மணிக்கு, உறையூரில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய இந்த ஆறுக்கு ஆறு அறையில், இல்லாத ஒருத்தியின் மூச்சோடுதான் வேலை தொடங்குகிறது. இல்லாத என்று சொல்லக்கூடாது. அக்கா இருக்கிறாள், புத்தூரில் மூன்றாவது மாடியில், நாலு வயசுப் பிள்ளையோடு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாள். குரல்தான் இல்லை. தை மாசம் கழுத்தில் இருந்த கட்டியை எடுத்தபோது குரல் நரம்பும் கூடப் போய்விட்டது, இப்போது அக்கா பேசினால் சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒன்று வரும், பக்கத்தில் நின்றால்தான் அது பேச்சு என்றே தெரியும். செத்தவர்கள் பேயாக வந்தால் ஊர் நம்பும், ஃபாதரையோ பூசாரியையோ கூப்பிடும். ஆள் உயிரோடு இருக்க, குரல் மட்டும் தனியாகக் கிளம்பி வந்து காதுக்குள் உட்கார்ந்தால் யாரைக் கூப்பிடுவது? டர்ன் டவுன் தி டிவி, ப்ளீஸ், என்றது குரல். டர்ன் டவுன் தி டிவி, ப்ளீஸ், என்றாள் செல்சியா. டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க. மறுபடியும் இங்கிலீஷில் ஒரு தடவை. நூற்று எழுபத்தொன்று முடிந்தது.

இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கிற போன் ஆப் அது. வீட்டிலும் தெருவிலும் பேசுகிற வாக்கியங்கள், மொத்தம் இருநூற்று நாற்பது, ஒவ்வொன்றிலும் ஒரு வினைச்சொல், அதன் வாலில் அப், ஆஃப், அவுட், இன் என்று ஏதாவது ஒரு துண்டு. போன வருஷம் அக்கா இங்கிலீஷைப் படித்தாள், எதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்து செல்சியா தமிழ் அர்த்தத்தைப் படித்தாள், இரண்டு பேருக்கும் ஒரே மைக். அக்காவின் குரல் போனதும் இளங்கோவன் சார், நிறுவன முதலாளி, பாதி ஒரு குரல் பாதி ஒரு குரல் என்றால் அசிங்கம், எல்லாத்தையும் முதலிலிருந்து செல்சியாவை வைத்தே எடுங்கள் என்றுவிட்டார். படங்களை மட்டும் மாற்ற முடியாது, அக்கா சொன்ன நேரத்துக்கு அவற்றை வரைந்து ஓட்டியாயிற்று. ஆகவே அக்கா எந்த வேகத்தில் சொன்னாளோ அந்த வேகத்தில், எங்கே நிறுத்தினாளோ அங்கே நிறுத்தி, காதில் கேட்டுக்கேட்டு அப்படியே சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சபரி அண்ணன் பழைய ஃபைலை அழித்துவிடுவார். தி மில்க் ஹாஸ் கான் ஆஃப். பால் கெட்டுப்போச்சு. "செல்சி, நீளமா இழுக்கற. படத்துல அந்தம்மா பாலைச் சாக்கடையில ஊத்திட்டு உள்ள போயிருச்சு, நீ இன்னும் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டிருக்க" என்றார் சபரி அண்ணன், அவர் பேச்சு ஹெட்போனில் அக்காவின் குரலுக்கு மேலேயே வந்து விழும். "சரிண்ணே." "அப்புறம், லோகு மெசேஜ் போட்டுருக்கு. ஒரு மணிக்கு வருதாம். பேச்சுப் பயிற்சி குடுக்கற டாக்டரம்மா பழைய குரல் எங்கயாவது பதிவாயிருக்கான்னு கேட்டாங்களாம். பாடம் படிக்கிற குரல் வேண்டாமாம், சாதாரணமா வீட்ல பேசற குரல் வேணுமாம். அதை வச்சுத்தான் எதையோ பழக்குவாங்களாம். நம்மகிட்ட ஏது? நான்தான் ஊடால பேசறதையெல்லாம் வெட்டித் தள்ளிட்டேனே. பாரு, கண்ணுல எதாச்சும் பட்டா சொல்லு." செல்சியா தலையாட்டினாள். கண்ணாடி வழியாக அவர் பார்த்துவிட்டுக் கட்டை விரலைக் காட்டினார். தலையாட்டியபோதே அவளுக்குத் தெரியும். நூற்று எண்பத்தேழு.

திரையில் ஒவ்வொரு ஃபைலுக்கும் எதிரே அதன் நீளம் இருக்கும். பன்னிரண்டு விநாடி, பதினொன்று, பதிமூன்று, பன்னிரண்டு. நூற்று எண்பத்தேழுக்கு நேரே மட்டும் ஆறு நிமிஷம் நாற்பது விநாடி. இந்த அறைக்குள் நுழைகிற ஒவ்வொரு நாளும் அவள் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கும், கீழே விழுந்த பல்லின் இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி. அது ஆவணி மாசம், சபரி அண்ணன் புது வயர் வாங்கக் கீழே போன நேரம், மைக்கை அணைக்காமல் போய்விட்டார். அவர் வருகிறவரை அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். சாதாரணமாக, வீட்டில் பேசுகிற குரலில். டாக்டரம்மா கேட்பது உலகத்தில் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது, ஆறு நிமிஷம் நாற்பது விநாடி. அதற்குள் ஓர் இடத்தில் அக்கா செல்சியாவிடம் ஒரு கேள்வி கேட்பாள், செல்சியா ஒரு பதில் சொல்வாள், பதில் பொய். அதைச் சபரி அண்ணன் கேட்டதில்லை, யாரும் கேட்டதில்லை. அவர் கைக்கு அது வந்தால் பென் டிரைவில் ஏறிவிடும், அக்கா அதை வீட்டில் போட்டுக் கேட்பாள், ஒரு தடவை அல்ல, பழகுவதற்காகத் தினமும் போட்டுக் கேட்பாள். வரவில்லை என்றால், இன்னும் பதினைந்து வாக்கியம், ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, சபரி அண்ணன் வழக்கம்போல ஒரு பட்டனைத் தட்டுவார், அவ்வளவுதான். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஹி புட் ஆஃப் தி டிரிப். பயணத்தைத் தள்ளிப்போட்டார். நூற்று எழுபத்து மூன்று.

வயர். ஆடியிலேயே தொடங்கியது அது. அக்காவின் குரலில் மணல் விழுந்த மாதிரி ஒரு கரகரப்பு, வாக்கியத்தின் கடைசி வார்த்தையில் மட்டும். சபரி அண்ணனுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கரில்தானே கேட்கும், அவர் வாழ்க்கையில் கரகரவென்று எது கேட்டாலும் அது வயர்தான். வயரை மாற்றினார். மைக்குக்கு முன்னால் வைக்கிற துணி வளையத்தை மாற்றினார். எர்த் சரியில்லை என்று எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார், அவர் சுவரில் இரண்டு ஓட்டை போட்டுவிட்டு டீ குடித்துப் போனார். இளங்கோவன் சார் மைக்கையே மாற்றினார். பிறகு இன்னொரு வயர். மூன்று மாசம் ஒரு பொம்பளையின் தொண்டைக்கு வயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள், இதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா, ஆனால் பதிவு செய்கிற இடத்தில் அப்படித்தான், சத்தம் கெட்டால் சாமானைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். அக்காவும் ஹெட்போன் மாட்டியிருந்தாள், அவளுக்கும் அவள் குரல் வயர் வழியாகத்தான் வந்தது. ஹெட்போன் இல்லாமல் வெறுங்காதோடு, ஒன்றரை அடி தூரத்தில், அக்கா வாய்க்கு நேரே உட்கார்ந்திருந்தது ஒரே ஒருத்தி. வெறுங்காதில் வயருக்கு என்ன வேலை? முதல் வாரமே தெரியும். வயர் இல்லை, தொண்டை என்று முதல் வாரமே தெரியும். லாசர் மாமாவுக்கும் இப்படித்தான் வந்தது, அம்மா சொல்லிச்சொல்லி அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அவர் இன்றைக்கும் கோயிலில் பாடுகிறார். தெரிந்துதான் சொல்லவில்லை. தெரியாமல் என்று ஒரு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், நிற்கவில்லை. அக்கா வாயைப் பார்த்துப் பார்த்து அவளுக்கே அந்த இங்கிலீஷ் வந்துவிட்டிருந்தது, அந்த நாற்காலி அவளுக்கு வேண்டியிருந்தது. புரட்டாசியில், அக்கா வீட்டுக்குப் போனபிறகு, சாரிடம் போய் நின்றாள். "வயர் இல்ல சார். அக்காவுக்குத் தொண்டையே அப்படித்தான் ஆயிருச்சு. நான் ரெண்டு படிச்சுக் காட்டட்டுமா?" பார்க்கலாம் என்ற சார் இன்னொரு வயர்தான் வாங்கச் சொன்னார். சாரிடம் சொல்லத் தெரிந்தது. ஒன்றரை அடியில் இருந்தவளிடம் சொல்லத் தெரியவில்லை. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனது தீபாவளி தாண்டி. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நரம்பைக் காப்பாத்தியிருக்கலாம்மா என்று டாக்டர் சொன்னாராம். இன்னும் கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒரு வாரமா, நாலு மாசமா? எதற்கு முன்னாடி? ஆவணிக்கா, ஆடிக்கா? டாக்டர் சும்மாகூடச் சொல்லியிருப்பார், டாக்டர்கள் எல்லாரிடமும் அதைத்தானே சொல்கிறார்கள், வீ ரேன் அவுட் ஆஃப் சால்ட், உப்பு தீர்ந்துபோச்சு, "சூப்பர், ஒரே தடவையில ஓகே" என்றார் சபரி அண்ணன்.

பள்ளிக்கூடத்தை அவள் பதினொன்றோடு விட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறாள், உண்மைக் காரணம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். லுக் ஆஃப்டர் என்றால் என்ன என்று இங்கிலீஷ் மிஸ் எழுப்பிக் கேட்டபோது பின்னாடி பார்க்கிறது மிஸ் என்றாள், வகுப்பே மேஜையைத் தட்டிச் சிரித்தது, மிஸ்ஸும் சிரித்தது, அதற்கப்புறம் ஆறு மாசம் அவள் நடந்து போனால் எவளாவது ஒருத்தி பின்னால் வந்து லுக் ஆஃப்டர், லுக் ஆஃப்டர் என்பாள். அக்கா சிரிக்கவில்லை. கதையைக் கேட்டுவிட்டு, "இதுல என்னடி கஷ்டம்? தொலைன்னா என்ன அர்த்தம்? காணாமப் போறது. வந்து தொலைன்னா? வான்னுதானே! உங்கம்மா சாப்ட்டுத் தொலைன்னா சாப்புடாம எங்கயாச்சும் தொலைஞ்சா போற? வெள்ளைக்காரனுக்கு அப்பு, ஆஃபு. நமக்குத் தொலை, கிழி. செஞ்சு கிழிச்சங்கறோம், எதைடி கிழிச்சோம்?" என்றாள். சிரித்துச் சிரித்து அன்றைக்கு ஒன்பது வாக்கியம்தான் முடிந்தது. அப்படிப் பேசிய ஆளிடம்தான் அந்தப் பொய். அதுதான் முள். பிடிக்காத ஆளாக இருந்திருந்தால் பரவாயில்லை, மிஸ்ஸாக இருந்திருந்தால் குரல் போனது நல்லது என்றுகூட நினைத்திருப்பாள், நினைக்கக்கூடியவள்தான் அவள். இப்போது மூன்று வாரமாக வீட்டிலும் அந்த மூச்சு வருகிறது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்கு முன்னால், மூக்கால் ஓர் இழுப்பு. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் என்பதற்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமை பூசையில், மைக்கைத் தட்டிவிட்டு ஃபாதர் சிலுவை போடுவதற்கு முன்னால் கோயில் முழுக்க அந்த மூச்சு, அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். போன வாரம் அதைவிட மோசம், பால் வாங்கப் போன கடையில் அவளே வாயெடுக்கும்போது அவள் மூக்கிலிருந்து வந்தது. அக்காவின் அளவு, அக்காவின் வேகம். அழித்தது அழியாமல் இவளுக்குள் வந்து குடியேறுகிறதா? நூற்றெழுபது ஃபைல் அழித்தாயிற்று, நூற்றெழுபதும் எங்கே போகும்?

ஷீ லுக்ஸ் ஆஃப்டர் ஹர் ஃபாதர். அப்பாவை அவதான் பாத்துக்கறா. ஐ ரேன் இன்ட்டு மை டீச்சர் அட் தி மார்க்கெட். மார்க்கெட்ல டீச்சரை எதேச்சையாப் பாத்தேன். நூற்று எண்பத்து மூன்று, நூற்று எண்பத்து நான்கு. இங்கே வரும்போது காதில் கரகரப்பு நன்றாகவே இருக்கிறது, டீச்சர் என்பதில் ச்சர் கிழிகிறது, அவளும் அறியாமல் அதே மாதிரி கிழித்தாள், "மறுபடி" என்றார் சபரி அண்ணன், மறுபடி சொன்னாள், மறுபடியும் கிழிந்தது, "தண்ணி குடி, தொண்டை கட்டிருச்சு ஒனக்கு" என்றார். தொண்டை என்று உடனே தெரிந்துவிட்டதே அண்ணனுக்கு. இன்றைக்கு மட்டும் வயர் நினைவுக்கு வரவில்லையே. தண்ணீர் குடித்தாள். மணி பன்னிரண்டேகால். ஒருவேளை அக்காவுக்கு அந்தக் கேள்வி கேட்டதே மறந்திருக்கும். மறந்திருந்தால் இப்போது கேட்டு ஞாபகம் வரும். மறக்காமல் இருந்தால்? மறக்காமல் இருந்துதான் அந்தப் பதிவு வேண்டும் என்கிறாளோ, டாக்டரம்மா என்பது சாக்கோ? சீச்சீ, அக்கா அப்படி ஆள் இல்லை, அப்படி ஆள் இவள்தான், தன்னைப் போலவே மற்றவர்களையும் நினைக்கிற புத்தி. கேள்வி வருகிற இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் கொடுத்தால் என்ன? நாலு விநாடி. சபரி அண்ணனிடம் சொன்னால் நாலு விநாடியை வெட்டுவது அவருக்கு நகம் வெட்டுகிற வேலை, ஆனால் எது என்று காட்ட அவர் கேட்க வேண்டும். இல்லை, எதற்கு, விட்டுவிடலாம், குரல் திரும்பாது என்று டாக்டரே சொல்லிவிட்டார், பயிற்சியால் கொஞ்சம் காற்று கூடும், கொஞ்சம் சத்தம் கூடும், அதற்காகவா இவ்வளவும். போன மாசம் அக்காவோடு இங்கே வந்தபோது அவள் பிள்ளை அம்மா சத்தமாப் பேசு, சத்தமாப் பேசு என்று அக்காவின் கன்னத்தில் தட்டியது. கொஞ்சம் சத்தம். தி பஸ் ப்ரோக் டவுன் நியர் தி ப்ரிட்ஜ். பாலத்துக்கிட்ட பஸ் நின்னுபோச்சு. நூற்று எண்பத்தாறு.

"அடுத்து என்ன இது, ஆறே முக்கா நிமிஷம்?" என்றார் சபரி அண்ணன். "மைக்கை மூடாம விட்டுட்டேன்போல. வெத்துச் சத்தமாத்தான் இருக்கும். முதல் வாக்கியத்தை மட்டும் போடறேன், சொல்லிரு, தூக்கிரலாம்." டேக் ஆஃப் யுவர் ஷூஸ், என்றது காதில். ஷூவைக் கழட்டிட்டு வாங்க, என்று சொல்லிவிட்டாள், நேரம் சரியாக இருந்தது, கண்ணாடிக்கு அப்பால் அவர் கை மவுஸைப் பிடித்தது. பிடித்த கையைப் பார்த்தாள். அது ஒரு நல்ல கை, யாருக்கும் கெடுதல் செய்யாத கை, பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. அந்தக் கைதான் செய்யப்போகிறது, அவளுக்குப் பதிலாக. "இருங்கண்ணே" என்று சொன்னது அவளுக்கே பிறகுதான் கேட்டது. "முழுசும் போடுங்க. நான் மட்டும் கேக்கறேன்." "எதுக்கு?" "அக்கா பேசுது அதுல." "அட, இருக்கா?" என்று பாவம் அவர் முகமெல்லாம் சிரிப்பாகிப் போட்டுவிட்டார். நாற்காலி நகரும் சத்தம். மூச்சு. "ஷூவாம்டி, ஷூ. நம்ம வீட்டுக்கு எவன் ஷூ போட்டுக்கிட்டு வர்றான்? சார்கிட்டச் சொல்லிச் செருப்புன்னு மாத்தச் சொல்லு." பிள்ளைக்கு எல்கேஜி சேர்க்கப் போன கதை. அங்கே வரிசையில் நின்றவள் அக்காவின் புடவையையே முறைத்த கதை. பஞ்சுச் சுவரில் ஒரு பல்லி, அதற்கு இளங்கோவன் சார் மாதிரி குரல் கொடுத்து ஒரு பேச்சு, பின்னால் செல்சியாவின் சிரிப்பு. கரகரத்த குரல்தான், ஆனால் எவ்வளவு இடம் அடைத்துக்கொண்டு வருகிறது அது, ஏறுகிறது, இறங்குகிறது, கோணிக்கொண்டு கேலி செய்கிறது. வாக்கியங்களில் இருந்தது இது இல்லை. இத்தனை நாள் பயந்த பேய்கூட இது இல்லை. அப்புறம் சத்தம் தணிந்தது. "செல்சி. நெசத்தச் சொல்லு. வயரா, என் தொண்டையா?" ஏழு மாசமாகச் செல்சியா நினைத்துக்கொண்டிருந்தது, அப்போது கொஞ்சம் தயங்கினேன், குரல் நடுங்கியிருக்கும், உற்றுக் கேட்டிருந்தால் அக்காவே கண்டுபிடித்திருப்பாள் என்று. "வயர்தான்க்கா. ஒங்க தொண்டைக்கு என்ன கேடு?" நடுக்கம் இல்லை. தயக்கம் இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில், துள்ளிக்கொண்டு, நல்ல பிள்ளையாட்டம், அவளே நம்பியிருப்பாள். "அதானே பாத்தேன்" என்றாள் அக்கா, நிம்மதியாக. பிறகு கதவுச் சத்தம், சபரி அண்ணனின் செருப்பு, இந்தா புது வயர். முடிந்தது. அந்த நிம்மதி. பொய்யைவிட அதைத்தான் கேட்க முடியவில்லை. "என்ன, இருக்கா? எதை ஏத்த, வெட்டி ஏத்தவா?" என்றார் சபரி அண்ணன். "வெட்டாதீங்க. முழுசா ஏத்துங்க."

அக்கா ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாள், கழுத்தைச் சுற்றித் துப்பட்டா, கையில் ஒரு பை மாதுளம்பழம். சபரி அண்ணன் வாயெல்லாம் பல்லாக, "லோகு, புதையல் கெடச்சிருக்கு, செல்சிதான் கண்டுபுடிச்சா" என்று தன் நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டார். செல்சிதான் கண்டுபிடித்தாள். அக்கா அவள் கன்னத்தைத் தடவினாள். பதிவு ஓட ஆரம்பித்ததும் அக்காவின் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்தாள் செல்சியா, இல்லை, சிரிப்பு, பல்லி இடம் வந்திருக்கிறது. சத்தமில்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். இன்னும் ஒன்றரை நிமிஷம். அக்காவுக்கு அது தெரியாமலே போகலாம் என்பது இப்போதுதான் உறைத்தது. வயர்தான்க்கா என்று ஒரு சின்னப் பெண் சொல்கிறாள், அது தெரியாமல் சொன்னதாகத்தானே எவருக்கும் படும், அதில் பொய் என்று எழுதியா ஒட்டியிருக்கிறது? இவ்வளவு நாளும் ஃபைலுக்குப் பயந்தாளே, ஃபைல் அவளைக் காட்டிக்கொடுக்கவே போவதில்லை. அக்கா கேட்டுவிட்டு, பாவம் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும் என்று தினமும் போட்டுக் கேட்பாள், தினமும் அதானே பாத்தேன் என்பாள். "அது பொய்க்கா" என்றாள் செல்சியா. அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள். காதை மூடிய ஆளிடம் சொல்லியிருக்கிறாள், மூடியிருக்கிறது என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள், சொன்னதாகவும் ஆயிற்று என்று ஒரு கணம் நெஞ்சு லேசாகக்கூட ஆனது. ஆனால் உதடு அசைந்ததை அக்கா பார்த்துவிட்டாள். ஒரு பக்கக் காதை மட்டும் தூக்கி, புருவத்தை உயர்த்தி, என்ன என்றாள் காற்றாக.

"வயர் இல்லக்கா. ஒங்க தொண்டைதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அதுக்கு முன்னாடியே தெரியும். சார்கிட்டச் சொன்னேன், இந்த வேலைக்காக. ஒங்ககிட்டச் சொல்லல." சபரி அண்ணன் பதிவை நிறுத்தினார், அப்புறம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாதுளம்பழப் பையைப் பார்த்தார். அக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள், வயர் சிக்காமல் சுற்றி வைத்தாள். எழுந்தாள். வாய் திறந்தது, கழுத்தில் தழும்புக்கு இரண்டு பக்கமும் நரம்பு புடைத்தது, முகம் செக்கச்செவேல் என்று ஆனது, ஒன்றும் வரவில்லை. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்து கத்தியிருப்பாள், கத்த வேண்டியதுதான், அதற்கு உரியது அது, ஆனால் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன் அந்தக் காற்றையும் எடுத்துக்கொண்டு போயிற்று. "விடு லோகு, சின்னப்புள்ள" என்றார் சபரி அண்ணன். அக்கா விடவில்லை, உதடு அசைந்துகொண்டே இருந்தது, வேகவேகமாக, விரலை நீட்டி நீட்டி. செல்சியாவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. சுவருக்குப் போய் ஃபேனை நிறுத்தினாள், திரும்பி வந்து, குனிந்து, அக்காவின் வாய்க்கு நேரே காதை வைத்தாள்.